பாட்டி காலத்துச் சொட்டு மருந்தும் குடலுக்குள் இருக்கும் காவலும்

பொந்தியானில் பேரப்பிள்ளையைத் தடுப்பூசிக்காக அரசாங்கக் கிளினிக்கிற்குத் தூக்கிச் செல்லும் பாட்டிமார் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. "எங்க காலத்துல பிள்ளைங்க வாயில சொட்டு மருந்து விடுவாங்களே மிஸ்ஸி, இப்ப ஏன் எல்லாமே ஊசியா இருக்கு?" என்று கேட்பார்கள். வரிசை நீளமாக இருக்கும். தாதியும் "அதெல்லாம் இதிலேயே இருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிடுவார்.

தாதி சொல்வதில் தவறில்லை. இளம்பிள்ளை வாதத்திற்கான மருந்து இப்போது மற்ற தடுப்பு மருந்துகளுடன் சேர்ந்து ஒரே ஊசியில் 2, 3, 5ஆம் மாதங்களிலும் பிறகு 18ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. மலேசியாவில் 1972இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து 2008இல் ஊசியாக மாறியது. ஆனால் பாட்டி கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. ஒரே நோய்க்கான மருந்தை வாயில் விட்டால் உடம்பு ஒரு மாதிரியும், கையில் குத்தினால் வேறு மாதிரியும் பாடம் படிக்கிறது. அதற்குக் காரணம் குடல். குடல் தனக்கென்று தனியாக ஆண்டிபாடி தயாரித்துக் கொள்கிறது. ஆண்டிபாடி என்பது நோய்க்கிருமியை அடையாளம் கண்டு பற்றிக் கொள்ளும் எதிர்ப்புப் பொருள்.

உடம்பில் ஆண்டிபாடி சுரக்கும் அணுக்கள் அதிகமாக எங்கே இருக்கின்றன என்று கேட்டால் இரத்தத்தில் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மையில் அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலின் சுவரில்தான் குடியிருக்கின்றன. வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் 3 முதல் 5 கிராம் வரை ஆண்டிபாடி சுரக்கிறது. அதில் பெரும்பகுதி ஐ.ஜி.ஏ. என்ற வகையைச் சேர்ந்தது. இரத்தத்தில் அதிகமாக இருப்பது ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

குடலுக்கு ஏன் இத்தனை காவல்? அதன் உட்பரப்பை விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் அதை மறுபடி கணக்கிட்டு, அரைப் பூப்பந்து மைதானம்தான் தேறும் என்றார்கள். அந்தப் பரப்பு முழுவதையும் மூடியிருப்பது ஒரே ஓர் அணு கனமுள்ள தோல். அதற்கு ஒரு பக்கம் நாம் தின்ற நாசி லெமாக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும். மறுபக்கம் இரத்தம். இந்த மெல்லிய திரையைக் காப்பது லேசான காரியம் அல்ல. வருகிற எல்லாவற்றையும் அடித்துக் கொல்லவும் முடியாது. உணவை அடிக்கக்கூடாது. செரிமானத்துக்கு உதவும் பாக்டீரியாக்களையும் அடிக்கக்கூடாது. ஆகவே குடல் வளர்த்து வைத்திருக்கும் காவல் சண்டை போடாத காவல். ஐ.ஜி.ஏ. கிருமியைக் கொல்வதில்லை. அதன் மேல் ஒட்டிக்கொண்டு, பல கிருமிகளை ஒன்றோடொன்று பிணைத்து, குடல் சுவரைத் தொடவிடாமல் மலத்தோடு வெளியே அனுப்பிவிடுகிறது. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. வீட்டுக்காரருக்கே தெரியாமல் வேலை முடிந்துவிடும்.

யார் யார் சேர்ந்து இதைச் செய்கிறார்கள்?

ஆண்டிபாடியைச் சுரப்பது பி அணு என்ற வெள்ளை அணு. ஆனால் பி அணு தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே சிறு திட்டுகள் உண்டு. 1677இல் அவற்றை விரிவாக விவரித்தவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயர். அதனால் அவற்றுக்குப் பேயர் திட்டுகள் என்று பெயர். அந்தத் திட்டுகளின் மேல் எம் அணுக்கள் என்ற வாசல்காரர்கள் இருக்கிறார்கள். குடலுக்குள் ஓடும் கிருமிகளில் கொஞ்சத்தை எடுத்து உள்ளே விடுவதுதான் அவர்கள் வேலை. உள்ளே டென்ட்ரிடிக் அணு காத்திருக்கும். அது கிருமியை விழுங்கி, துண்டு போட்டு, அந்தத் துண்டை டி அணுக்களிடம் தூக்கிக் காட்டும்.

டி அணுக்களிலும் பல பிரிவுகள் உள்ளன. இங்கே முக்கியமானவை உதவி டி அணுக்கள். பி அணுக்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகும் இடத்தில் இவை நின்றுகொண்டு, எந்தப் பி அணுவின் ஆண்டிபாடி கிருமியை நன்றாகப் பற்றுகிறதோ அதற்கு மட்டும் கைகொடுக்கும். மற்றவை மடிந்துவிடும். உதவி கிடைத்த பி அணு தன் மரபணுவைச் சற்று மாற்றிக்கொண்டு மறுபடி போட்டிக்கு வரும். பரீட்சை மேல் பரீட்சை.

உதவிக்கு ஆள் கூடினால் ஆண்டிபாடி நன்றாக வரும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஜப்பானில் சிடோனியா ஃபகராசன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. உதவி டி அணுக்களைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு புரதம் இல்லாத எலிகளில் அந்த அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகின. தகுதி இல்லாத பி அணுக்களுக்கும் உதவி கிடைத்தது. சுரந்த ஐ.ஜி.ஏ. பாக்டீரியாவைச் சரியாகப் பற்றவில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டமே மாறிப்போனது. ஆகவேதான் உதவி செய்யும் அணுக்களுக்கு அருகிலேயே அடக்கி வைக்கும் டி அணுக்களும் இருக்கின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தால் பள்ளிக்கூடம் என்ன ஆகுமோ அதுதான் அந்த எலிகளின் குடலுக்கும் நேர்ந்தது.

டி அணுக்களே இல்லாமலும் குடல் கொஞ்சம் ஐ.ஜி.ஏ. தயாரித்துக் கொள்ளும் என்பது இன்னொரு விந்தை. குடல் தோலின் அணுக்களும் டென்ட்ரிடிக் அணுக்களும் சில வேதிப்பொருள்களை வெளியிட்டுப் பி அணுக்களை நேரடியாகவே தூண்டிவிடுகின்றன. டி அணுவின் உதவி பி அணுவுக்கு எட்டாத பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் குடலிலும் ஐ.ஜி.ஏ. இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இது அவசரத்துக்குச் செய்யும் சரக்கு. பலவகைப் பாக்டீரியாக்களை ஓரளவு பற்றும். போலியோ வைரஸ் போன்ற குறிப்பிட்ட எதிரிக்கு உதவி டி அணுக்களிடம் படித்துத் தேறிய ஐ.ஜி.ஏ. வேண்டும்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வரலாம். தேறிய பி அணு எங்கே போய் வேலை செய்ய வேண்டும் என்பதை யார் சொல்வது? பழைய ரப்பர் தோட்டங்களில் விடிகாலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த வெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். குடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகள் அப்படிப்பட்ட பிரட்டுக் களம். அங்கே உள்ள டென்ட்ரிடிக் அணுக்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு. உணவில் வரும் வைட்டமின் ஏ சத்தை அவை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் பட்ட பி அணு இரண்டு மாற்றங்களை அடைகிறது. ஐ.ஜி.ஏ. வகையைச் சுரக்கும் பக்கம் திரும்புகிறது. குடலின் இரத்தக் குழாய் மட்டுமே அடையாளம் காணும் ஒரு முகவரிச் சீட்டைத் தன் மேல் ஒட்டிக் கொள்கிறது. பிறகு அது இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றினாலும் வேறெங்கும் இறங்காமல் குடலில் வந்து இறங்கும். 2006இல் தெளிவான இந்தச் செய்தி, முருங்கைக் கீரையையும் பப்பாளியையும் கண்ணுக்கு மட்டும் நல்லது என்று சொல்லி வந்தவர்களை இன்னொரு முறை யோசிக்க வைத்தது.

குடலில் வந்து இறங்கிய பி அணு பிளாஸ்மா அணுவாக முதிர்ந்து, ஐ.ஜி.ஏ. மூலக்கூறுகளை இரண்டிரண்டாகக் கோத்துச் சுரக்கும். அவற்றைக் குடல் தோலின் அணுக்கள் தோளில் சுமப்பதுபோல் சுமந்து மறுபக்கம் கொண்டு சேர்க்கும். இந்தச் சுமக்கும் முறையை 1970களில் விளக்கியவர் நார்வே நாட்டு நோயியல் நிபுணர் பெர் பிராண்ட்ஸெக்.

குழந்தை பெற்ற தாயின் உடம்பில் அதே அணுக்களில் ஒரு பகுதி மார்பகத்துக்கும் போகிறது. தாயின் குடல் எந்தெந்தக் கிருமியைப் பார்த்துப் பாடம் படித்ததோ, அதற்கான ஐ.ஜி.ஏ. பாலில் வருகிறது. பொந்தியானில் வாழும் தாயின் பாலில் பொந்தியான் கிருமிகளுக்கான காவல் இருக்கும். எந்த டின் பாலிலும் அது கிடைக்காது. முதல் சில நாள்கள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலில் ஐ.ஜி.ஏ. மிக அதிகம். அதைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்ன பழைய வழக்கம் நம்மவர்களிடம் இருந்தது. பெரியவர்கள் சொன்ன எத்தனையோ நல்ல விஷயங்களுக்கு நடுவே, இது தவறாகச் சொன்ன ஒன்று.

கையில் போட்டால் என்ன ஆகும்?

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பாட்டியின் கேள்விக்குத் திரும்பலாம். போலியோ வைரஸ் வாய் வழியாகப் புகுந்து குடலில் பெருகும். அங்கிருந்து இரத்தத்துக்குத் தாவி, சிலருக்கு மட்டும் நரம்பைத் தாக்கிக் கை கால்களை முடக்கும். சொட்டு மருந்து என்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது அசல் வைரஸ் போகும் அதே பாதையில் போய், அதே பேயர் திட்டில் புகுந்து, குடல் முகவரி உள்ள பி அணுக்களை உருவாக்கும். ஊசி மருந்தில் இருப்பது செத்த வைரஸ். கையிலோ தொடையிலோ போடும்போது அருகிலுள்ள நிணநீர் முடிச்சில்தான் பாடம் நடக்கும். அங்கே ரெட்டினாயிக் அமிலம் தயாரிக்கும் குடல்வகை டென்ட்ரிடிக் அணுக்கள் இல்லை. பி அணுக்கள் பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. பக்கம் திரும்பும். குடல் முகவரியும் கிடைக்காது.

காஷ்மீரில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த பியாரே ஓக்ரா 1968இல் இதை நேரடியாக அளந்து காட்டினார். இரண்டு மருந்துகளும் இரத்தத்தில் ஆண்டிபாடியை உண்டாக்கின. குடலில் ஐ.ஜி.ஏ. சுரந்தது சொட்டு மருந்து பெற்றவர்களுக்குத்தான். அதாவது ஊசி போட்ட பிள்ளைக்கு வைரஸ் நரம்பை எட்டாது, பிள்ளை முடமாகாது. ஆனால் வைரஸ் வந்தால் அந்தப் பிள்ளையின் குடலில் சில நாள் தங்கிப் பெருகி, மலத்தின் வழியாக வெளியேறி, அடுத்த வீட்டுக்குப் போகக்கூடும்.

அப்படியானால் சொட்டு மருந்தையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் வேலூர் வருகிறது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் வட ஆற்காடு. அந்த வட ஆற்காட்டின் தலைநகரம் வேலூர். அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1972இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேலைநாடுகளில் மூன்று முறை கொடுத்தால் போதுமான சொட்டு மருந்து, வேலூர்க் குழந்தைகளில் பலருக்கு மூன்று முறை கொடுத்தும் பலிக்கவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். அவர் அப்படி விடவில்லை. இன்னும் அதிக முறை கொடுக்க வேண்டும் என்றும், ஊசி மருந்தும் தேவை என்றும் பல ஆண்டுகள் வாதாடினார். 1980களில் குறிப்பிட்ட நாள்களில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருசேரக் கொடுக்கும் முறையை வேலூரில் செய்து காட்டினார். இந்தியா முழுவதற்கும் அந்த வழி 1995இல் வந்தது. கடைசியாக இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய குழந்தை, 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமி.

வேலூர்க் குழந்தைகளின் குடல் ஏன் சரியாகப் படிக்கவில்லை? பிறந்த சில வாரங்களிலேயே பலவகைக் கிருமிகள் குடலில் குடியேறி அதை ஓயாமல் சீண்டிக்கொண்டிருப்பதால் குடலின் உட்பரப்பு சற்றே வீங்கிய நிலையில் இருக்கும், கூச்சல் நிறைந்த வகுப்பறையில் பாடம் காதில் விழாது என்பது ஒரு விளக்கம். அதைச் சோதிக்க அதே வேலூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு முதலில் அசித்ரோமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைக் கொடுத்து, பிறகு சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. பாக்டீரியாக்கள் குறைந்தன, வீக்கமும் குறைந்தது, ஆனால் சொட்டு மருந்து முன்னைவிட நன்றாக வேலை செய்யவில்லை. தாய்ப்பாலில் உள்ள ஐ.ஜி.ஏ. மருந்தைத் தடுக்கிறதோ என்ற ஐயமும் எழுந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து கொடுக்கும் வேளையில் சிறிது நேரம் பாலூட்டாமல் இருந்து பார்த்த ஆய்வுகளில் பயன் எதுவும் தெரியவில்லை. இதைக் கேட்டு யாரும் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

இதே தொல்லை அந்த ரோட்டா வைரஸ் மருந்துக்கும் உண்டு. வேலூரின் டாக்டர் ககன்தீப் காங் உள்ளிட்டவர்கள் உழைத்துச் சோதித்த இந்தியாவின் ரோட்டாவாக் மருந்து, 2014இல் வெளியான முடிவின்படி, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறக்குறைய 54 விழுக்காடு தடுத்தது. இதே வகை மருந்துகள் வசதியான நாடுகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கின்றன. 54 என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஏழைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாக வயிற்றுப்போக்கில் இறந்த நாட்டில் பாதிப் பேரைக் காப்பாற்றுவது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு மருந்து 2017இல் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தது.

வேலூர் கொடுத்த மிக அழகான செய்தி 2014இல் வந்தது. ஏற்கெனவே பலமுறை சொட்டு மருந்து குடித்த 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் 450 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு போலியோ ஊசி. மற்றதற்கு ஒன்றும் இல்லை. நான்கு வாரம் கழித்து எல்லாருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, அந்த வைரஸ் யார் மலத்தில் வெளிவருகிறது என்று பார்த்தார்கள். மூன்றாம் வகை வைரஸ், ஊசி போடாதவர்களில் ஏறக்குறைய 26 விழுக்காட்டினரிடம் வெளிவந்தது, ஊசி போட்டவர்களில் 8 விழுக்காட்டினரிடம்தான். கையில் போட்ட ஊசி குடலைக் காத்தது!

இது எப்படி? அந்தக் குழந்தைகளின் உடம்பில் சொட்டு மருந்து பழக்கிவைத்த நினைவுப் பி அணுக்கள் குடல் முகவரியோடு இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. குடலில் ஐ.ஜி.ஏ. குறைந்து போயிருந்தாலும் பாடம் மறக்கவில்லை. ஊசி அவற்றை எழுப்பிவிட, அவை பழைய வீட்டுக்கே திரும்பின. ஒரு முறைகூடச் சொட்டு மருந்து குடிக்காத குழந்தையிடம் எழுப்புவதற்கு அப்படி யாரும் இல்லை. ஊசியால் குடலுக்குப் பழைய பாடத்தை நினைவூட்ட முடியும், புதிதாகக் கற்பிப்பது அரிது.

துவாரானில் நடந்தது

ஊசி மட்டும் போடும் நாடுகளில் இதன் விளைவு 2013இல் தெரிந்தது. இஸ்ரேலின் தென்பகுதியில் கழிவுநீரைச் சோதித்தபோது போலியோ வைரஸ் இருந்தது. அங்கே 2005 முதல் ஊசி மட்டுமே போட்டு வந்தார்கள். ஊசி போடாத பிள்ளைகள் மிகக் குறைவு. ஒரு குழந்தைகூட முடமாகவில்லை. ஆனால் வைரஸ் குடலுக்குக் குடல் சத்தமில்லாமல் பயணம் செய்துகொண்டிருந்தது. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மறுபடி சொட்டு மருந்து கொடுத்து அதை நிறுத்தினார்கள்.

மலேசியா 2000ஆம் ஆண்டில் போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்தை நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது. அதில் உள்ள உயிருள்ள வைரஸ் சில மில்லியன் முறைக்கு ஒரு முறை, மருந்து குடித்த குழந்தையையே முடக்கிவிடும். அதோடு, தடுப்பு மருந்து பெறாதவர்கள் நிறைந்த இடத்தில் அது மாதக்கணக்கில் ஆளுக்கு ஆள் பரவினால், உருமாறிப் பழைய வலுவைத் திரும்பப் பெறும். நோயே இல்லாத நாட்டில் அந்த அபாயத்தை ஏன் சுமக்க வேண்டும்?

ஆனால் 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. 1992க்குப் பிறகு இந்நாட்டில் அதுவே முதல் சம்பவம். பிலிப்பைன்ஸில் பரவிக்கொண்டிருந்த, அப்படி உருமாறிய முதல்வகை வைரஸோடு அது தொடர்புடையதாக இருந்தது. மொத்தம் நான்கு பேர் பாதிக்கப்பட்டார்கள். சபாவில் சொட்டு மருந்து மறுபடியும் வாய்களில் விடப்பட்டது. 2021 செப்டம்பரில்தான் அந்தப் பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

பாட்டிமார் காலத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை சொட்டு மருந்து குடித்தால் அந்தப் பிள்ளையின் குடல் வைரஸுக்கு வழி மறித்தது. அதன் நிழலில் பக்கத்து வீட்டில் மருந்து குடிக்காமல் விட்ட பிள்ளையும் ஓரளவு தப்பியது. ஊசிக் காலத்தில் அந்த நிழல் சுருங்கிவிட்டது. "எல்லாரும் போட்டிருக்காங்க, நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் வராது" என்று 18ஆம் மாத ஊசியைத் தள்ளிப்போடும் பெற்றோர் இன்னும் அந்தப் பழைய நிழலை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முதல் மூன்று ஊசிகளை முறையாகப் போட்டுவிட்டுப் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கிளினிக் பக்கம் வராமல் போவதே இதில் அதிகம் நடக்கும் தவறு.

பொந்தியானில் இன்று பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், 2008க்கு முன் பிறந்து வளர்ந்தவராக இருந்தால், சொட்டு மருந்து குடித்தவராகவே இருப்பார். அவர் குடல் படித்த பாடம் ஒன்று உண்டு. பாட்டியின் இடுப்பில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு அந்தப் பாடம் இல்லை. அதற்கு இருப்பது இரத்தத்தில் ஊசி கொடுத்த காவலும், குடலில் தாய்ப்பால் கொடுக்கும் காவலும்தான். இரண்டாவது காவல் பால் மறக்கும் நாளோடு போய்விடும். முதலாவது, தடுப்பூசிப் புத்தகத்தில் 18ஆம் மாதத்துக்கான கட்டம் காலியாக இல்லாத பிள்ளைக்கு முழுதாக இருக்கும்.